நடப்பு வளையம்

"மலர்க்கா, நம்ம மரம்தான் முதல்ல உணர்ந்திருக்கு!"

தேவன் ஆய்வுகூடத்துக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வந்தார். ஒரு கையில் மடிக்கணினி, மற்றக் கையில் பாதி கடித்த சாண்ட்விச். ஜூன் மாதத்து வெள்ளிக்கிழமை மத்தியானம். நான் மூக்கைச் சீறிக்கொண்டிருந்தேன். லண்டனில் கோடை தொடங்கினால் புல்லின் மகரந்தம் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. மகரந்தத்தை ஆராயும் இடத்தில் வேலை செய்துகொண்டு மகரந்தத்துக்குத் தும்முகிறாள் என்று எங்கள் துறையில் என்னைப் பார்த்து எல்லோருக்கும் ஒரு சிரிப்பு.

மடிக்கணினியை என் மேசையில் வைத்தார். திரையில் ஒரு நீளமான கோடு ஏறி இறங்கி ஓடியது. நாற்பத்திரண்டு பைன் மரத் துண்டுகளில் நான் அளந்த வளையங்களின் கோடு அது.

"இங்க பாருங்க. நானூறு வருசத்துக்கு முந்தி தென் அமெரிக்காவுல ஒரு எரிமலை வெடிச்சிச்சி இல்ல? அந்தப் புகையில வெயில் கொறஞ்சி, வடக்க மத்தவங்க மரத்துல எல்லாம் அடுத்த வருசம்தான் வளையம் சின்னதாவுது. நம்ம மரத்துல அதே வருசம்! ஒரு வருசம் முந்தி!"

"அது பெரிய விஷயமோ?"

"பெரிய விஷயமான்னா கேக்குறீங்க? என்னாக்கா நீங்க! ரெண்டு வாரத்துல எடின்பரோ மாநாட்டுல பேசப் போறேன். தலைப்பையே மாத்திட்டேன்."

தேவன் மலேசியாவில் பிறந்தவர். மாணவராக லண்டனுக்கு வந்து, இங்கேயே ஆராய்ச்சியாளராகத் தங்கிவிட்டவர். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். எனக்கு மேலதிகாரியும் அவர்தான். என் ஒப்பந்தம் அந்த ஒக்டோபரில் முடிய இருந்தது. அதை நீட்டும்படி எழுத வேண்டியவரும் அவர்தான்.

அந்தக் கோட்டைப் பார்த்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன். அளந்தது என் கண்.

பென்சில் அளவு மரம்

போன கட்டுரையைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: மரத்தை வெட்டாமல் அதன் வயதை எப்படிச் சொல்கிறீர்கள்?

உள்ளே துளையுள்ள ஓர் உருக்குத் திருகாணியை மரத்தில் நம் நெஞ்சளவு உயரத்தில் திருகுவார்கள். இழுத்தால் பென்சில் தடிப்பில் ஒரு குச்சி வரும். வெளியே பட்டை, உள்ளே நடுமையம், இடையில் வருடங்கள் எல்லாம் அந்தக் குச்சியில் கோடு கோடாக இருக்கும். அதை நாங்கள் கோர் என்போம். மரம் பிசின் விட்டுத் தன் காயத்தைத் தானே மூடிக்கொள்ளும்.

அந்தக் குச்சியை மரச் சட்டத்தில் ஒட்டி, சாண்ட் பேப்பரால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி போலாக்குவது என் வேலை. தேய்க்கும்போது சாம்பிராணிக்கும் டெர்பன்டைனுக்கும் நடுவில் ஒரு மணம் வரும். வீட்டுக்குப் போன பிறகும் தலைமயிரில் நிற்கும். பிறகு நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து வெளியிலிருந்து உள்ளே எண்ண வேண்டும். பத்துக்கு ஒரு பென்சில் புள்ளி, ஐம்பதுக்கு இரண்டு, நூறுக்கு மூன்று.

ஒரு வருட வளையத்தில் இரண்டு பகுதி உண்டு. கோடை தொடக்கத்தில் வளர்ந்த வெளிர் நிறம், முடிவில் வளர்ந்த கருநிறம். கருநிறக் கோடு விழுந்தால் அந்த வருடம் முடிந்தது என்று பொருள்.

எங்கள் பைன் மரங்கள் நிற்கும் பின்லாந்தின் வடகோடியில் மழைக்குப் பஞ்சமில்லை, வெயிலுக்குத்தான் பஞ்சம். எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்துக்கு நேர்மாறு. வெயில் நன்றாக அடித்த கோடையில் அங்குள்ள பைன் தடித்த வளையம் போடும். குளிர்ந்த கோடையில் தலைமயிர் அளவுக்கு ஒடுங்கிவிடும். அந்தக் காலத்தில் வெப்பமானி வைத்து எழுதி வைக்க அங்கே யாரும் இருக்கவில்லை. மரம்தான் எழுதி வைத்திருக்கிறது.

தேவனின் சொந்த வேலை மகரந்தம். ஏரிக்கு அடியில் உள்ள சேற்றைக் குழாய் இறக்கி எடுத்து, அமிலத்தில் கழுவி, மிஞ்சுவதை எண்ணுவார். பைன் மகரந்தத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். நடுவில் ஓர் உடல், இரண்டு பக்கமும் ஊதிய பை. அந்தப் பைகளின் உதவியால் காற்றில் எத்தனையோ மைல் போகும். அதனால் ஒரு மணியைக் கண்டவுடன் அங்கே பைன் நின்றது என்று சொல்லிவிட முடியாது. நிறையக் கண்டால்தான் சொல்லலாம்.

சேற்றைக் கேட்டால் ஏறத்தாழ எந்தக் காலம் என்று சொல்லும். எந்த வருடம் என்று மரத்தைத்தான் கேட்க வேண்டும். அந்த ஒரு வருடத் துல்லியம் இல்லாவிட்டால் என் வேலைக்கே அர்த்தம் இல்லை.

பதினெட்டு நடக்குது

இந்த இடத்தில் முப்பத்திரண்டு வருடம் பின்னால் போக வேண்டும்.

ஒரு டிசம்பரில், என் பிறந்த நாள் கழிந்த கையோடு, நானும் அண்ணையும் ஹீத்ரோவில் வந்து இறங்கினோம். கையில் பிறப்புப் பத்திரம் இல்லை. போரில் வீட்டோடு அதுவும் போயிருந்தது. ஒரு சின்ன அறையில் அதிகாரி ஒருவரும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரும் இருந்தார்கள். மொழிபெயர்ப்பாளர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "தங்கச்சிக்கு என்ன வயசு?"

நான் வாயைத் திறக்க முதல் அண்ணை சொன்னார்: "பதினெட்டு நடக்குது."

யாழ்ப்பாணத்தில் வயது அப்படித்தான் சொல்வோம். நிறைந்தது பதினேழு, நடப்பது பதினெட்டு. சாதகக் குறிப்பிலும் நடப்பு வயதுதான். கேட்பவருக்கும் அது தெரியும், தானாக ஒன்றைக் கழித்துக்கொள்வார்.

மொழிபெயர்ப்பாளர் கழிக்கவில்லை. "எய்ட்டீன்" என்றார். அதிகாரி அந்த வருடத்திலிருந்து பதினெட்டைக் கழித்து, எனக்கு ஒரு பிறந்த வருடம் எழுதினார். அன்று முதல் இன்று வரை என் எல்லாப் பத்திரங்களிலும் நான் என்னைவிட ஒரு வயது மூத்தவள்.

ஒரு வயதில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைப்பீர்கள். எனக்குப் பல்கலைக்கழகத்துக்கு முந்தின உயர்தரம் படிக்க ஆசை இருந்தது. தாவரவியல் என்றால் உயிர். ஒரு கல்லூரி வாசலில் போய்க் கேட்டேன். மேசையில் இருந்த பெண் பத்திரத்தைப் பார்த்தாள். பதினேழு என்றால் இப்போதே இடம் தரலாம், பதினெட்டு ஆகிவிட்டதால் வேறு வரிசை, காத்திருக்க வேண்டும் என்றாள். அந்த வரிசை நகரவே இல்லை. நான் பார்க் ரோயலில் சாண்ட்விச் அடைக்கும் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலைக்குப் போனேன்.

பிறகு பல்கலைக்கழகக் கட்டடம் ஒன்றில் துப்புரவு வேலை. அங்கேதான் ஒரு மேசையில் இந்தக் குச்சிகளை முதலில் கண்டேன். கூட்டுவதை விட்டுவிட்டு எண்ணிக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு படித்து, பரீட்சை எழுதி, அந்த மேசைக்கே வந்து சேர எனக்குப் பதினாறு வருடம் பிடித்தது. அதை வேறொரு கட்டுரையில் எழுதியிருக்கிறேன்.

அண்ணையிடம் இதைப்பற்றி ஒரே ஒரு முறை கேட்டேன். "அது மொழிபெயர்த்தவன்ர பிழை," என்றார். "நான் சரியாத்தான் சொன்னனான்."

சொன்னது சரிதான். ஆனால் யாரிடம் சொல்கிறோம் என்று ஒரு கணம் யோசித்திருக்கலாம். அல்லது என்னையே பேச விட்டிருக்கலாம். எனக்கு அந்தக் கோபம் ஆறவே இல்லை. வெளியே காட்டாமல் வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

ஐயர் கேட்ட கேள்வி

தேவன் கோட்டைக் காட்டிய வெள்ளிக்கு அடுத்து வந்த ஞாயிறு, வெஸ்ட் ஈலிங் கோயிலுக்குப் போனேன். அண்ணைக்கு அறுபதாம் கலியாணம் செய்ய நாள் குறிக்க வேண்டும். அண்ணை ஃபாரஸ்ட் கேட்டில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். அங்கிருந்து ஒரே ரயிலில் வந்து இறங்கிவிடலாம். கிங்ஸ்பரியில் இருக்கும் நான்தான் இரண்டு பஸ் மாற வேண்டும். நான் வந்து சேர முன்னமே போனில் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்.

கனடாவிலிருந்து அவருடைய மகள் ஓகஸ்டில் வருகிறாள். அதற்குள் வைத்துவிட வேண்டும் என்பது அண்ணையின் திட்டம்.

ஐயர் பஞ்சாங்கத்தை விரித்தார். "அறுபது நிறைஞ்சிட்டுதோ, நடக்குதோ?"

"நடக்குது."

"அப்ப ஓகஸ்டிலை செய்ய ஏலாது. வாற வருஷம் பாப்பம்."

"அறுபது நடக்குது எண்டால் அறுபதுதானே ஐயா!"

"சஷ்டியப்த பூர்த்தி எல்லே? பூர்த்தி எண்டால் நிறைஞ்சது," என்றார் ஐயர். குரலில் கோபமில்லை. "நடக்கிறதை நாங்கள் கணக்கிலை எடுக்கிறேல்லை."

அண்ணை இன்னும் வாதாடிக்கொண்டிருந்தார். மகளின் டிக்கெட், மண்டபம், சாப்பாட்டுக்காரர் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எனக்குக் காதில் எதுவும் விழவில்லை. நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

அந்த நாற்பத்திரண்டு கோர்களையும் தேவன் எடுத்தது போன வருட ஜூலை மாதத்தில்.

பட்டைக்கு அடுத்த கோடு

அதற்கு முன் நான் எண்ணிய மரங்கள் எல்லாம் இங்கிலாந்து ஓக். எல்லாம் பனிக்காலத்தில் எடுத்தவை. பனிக்காலத்தில் மரம் வளராது. பட்டைக்கு அடுத்து இருப்பது முழுதாக முடிந்த வளையம். அதிலிருந்து ஒன்று, இரண்டு என்று தொடங்கலாம்.

ஜூலையில் எடுத்தால் பட்டைக்கு அடுத்து இருப்பது அந்தக் கோடையில் வளர்ந்துகொண்டிருக்கும் வளையம். பாதி வளையம். அதை எண்ணக் கூடாது, அளக்கவும் கூடாது. அதனால்தான் தேவன் படிவத்தில் 'கடைசி வளையம்' என்ற இடத்தில் அதற்கு முந்தின வருடத்தைப் போட்டுத் தந்திருந்தார். நான் அந்த வருடத்தைப் பார்க்கவே இல்லை. பட்டையை அடுத்து ஒரு வளையம் கண்டேன், எண்ணினேன். என் முதல் எண் படிவத்தில் இருந்த வருடத்தில் போய் உட்கார, மற்ற வளையம் எல்லாம் ஒவ்வொரு வருடம் பின்னால் போனது.

நடக்கிறது என்றாலும் அது ஒரு வருடம்தானே. என் கை அப்படித்தான் பழகியிருந்தது.

திங்கள் காலை ஏழு மணிக்கே ஆய்வுகூடத்தைத் திறந்தேன். முதலாவது சட்டத்தை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தேன். பட்டைக்கு அடுத்து வெளிர் நிறம் மட்டும். கருநிறக் கோடு இல்லை. இரண்டாவது சட்டம், அப்படியே. பத்தாவது வரைக்கும் பார்த்தேன். பிறகு பார்க்க வேண்டியிருக்கவில்லை.

நாற்பத்திரண்டு மரங்களுக்கும் நான் ஒரு வயது கூட்டிவிட்டிருந்தேன். நானூறு வருடமும் ஒன்று பின்னால் தள்ளிப் போயிருந்தது. எரிமலைப் புகைக்கு அடுத்த வருடம் ஒடுங்கிய வளையம், அதே வருடம் ஒடுங்கியதாகத் தெரிந்தது அதனால்தான். எங்கள் மரம் எதையும் முதலில் உணரவில்லை.

உண்மையை எழுத வேண்டும் என்பதற்காக இதையும் எழுதுகிறேன். தேவன் வர இரண்டு மணித்தியாலம் இருந்தது. கோப்புகளைத் திறந்து, ஒவ்வொன்றிலும் முதல் எண்ணை அழித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். பிறகு 'மென்பொருளில் ஏதோ பிசகு' என்று சொல்லலாம். ஒக்டோபர் ஒப்பந்தமும் பத்திரமாக இருக்கும். ஒரு கோப்பைத் திறந்தும்விட்டேன்.

அப்போது மொழிபெயர்த்தவன் நினைவுக்கு வந்தான். அவன் முகம் எனக்கு ஞாபகமில்லை. முப்பத்திரண்டு வருடமாக எங்கள் வீட்டில் அவன்தான் குற்றவாளி. நான் கோப்பை மூடினேன்.

எத்தன கோர்?

தேவன் வந்ததும் தேநீர் கூடப் போட அவரை விடவில்லை. இருக்கச் சொல்லிவிட்டு நின்றபடியே சொன்னேன்.

"தேவன், நான் நடப்பு வளையத்தையும் சேத்து எண்ணிப்போட்டன். பிழை என்னிலைதான். எரிமலை வருஷம் ஒண்டு தள்ளிப் போட்டுது."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சட்டத்தைப் பார்த்தார். தானே நுணுக்குக்காட்டியில் குனிந்து பார்த்தார். நிமிர வெகு நேரம் எடுத்தது.

"எத்தன கோர்?"

"நாப்பத்திரண்டும்."

"எல்லாமேவா?"

"எல்லாம்."

எழுந்து ஜன்னலடியில் போய் நின்றார். கீழே தெருவில் கவுன்சில் குப்பை லொறி பின்னுக்கு வந்துகொண்டிருந்தது. அது போய் முடிந்ததும் திரும்பினார்.

"தலைப்பே அதுதான்க்கா."

"தெரியும்."

"நீங்க சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"பின்லாந்து ஆக்கள் தங்கட கோட்டோட வைச்சுப் பாத்தால் தெரிஞ்சிருக்கும். அதுக்கிடையிலை நீங்கள் மேடையிலை ஏறி இறங்கியிருப்பியள்."

அவருக்குக் கோபம்தான். அந்த முழு நாளும் வேலைக்குத் தேவையானதை மட்டுமே பேசினார். மத்தியானம் சாண்ட்விச்சைத் தன் அறையிலேயே சாப்பிட்டார். எனக்கு அழுகை வந்தது. கழிவறையில் போய் நின்றுவிட்டு வந்தேன்.

மாலை போகும்போதுதான் கதவடியில் நின்று கேட்டார். "ஏன்க்கா அதையும் எண்ணுனீங்க?"

சொன்னேன். பதினெட்டு நடக்குது, ஹீத்ரோ, கல்லூரி மேசை, எல்லாவற்றையும் சொன்னேன். அதுவரை ஆய்வுகூடத்தில் யாருக்கும் என் உண்மையான வயது தெரியாது.

"எங்க ஊருல பெரியவங்களும் அப்படித்தான் சொல்வாங்க," என்றார். கொஞ்சம் பொறுத்து, "நல்ல வேள, எல்லாத்துலயும் ஒரே மாதிரி தப்பு. பாதியில சரி, பாதியில தப்புன்னா நான் செத்தேன்."

அடுத்த நாள் இருவருமாக இருந்து ஒவ்வொரு கோப்பிலும் முதல் எண்ணை அழித்தோம். அழிக்க அழிக்க எங்கள் கோடு ஒரு படி நகர்ந்து, மற்றவர்களின் கோட்டோடு போய்ச் சேர்ந்தது. எடின்பரோவில் தேவன் பழைய தலைப்பிலேயே பேசினார். எங்கள் மரங்களும் மற்ற மரங்கள் சொல்வதையே சொல்கின்றன என்பதுதான் பேச்சின் சாரம். கைதட்டல் சுமார் என்று வந்து சொன்னார்.

என் மேசைக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருந்தார். 'முடிஞ்சது மட்டும்' என்று தமிழில் எழுதியிருந்தது. வயதை முடிந்தது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மரத்துக்கென்றாலும் வரவில்லை. அந்தச் சொல்லை வெட்டிவிட்டு 'நிறைஞ்சது மட்டும்' என்று எழுதினேன். அது இன்னும் அங்கே இருக்கிறது.

ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கு நீண்டது. நான் கேட்டிருந்தது மூன்று.

நாலும் ஒன்பதும்

தேவனிடம் சொன்ன அந்தத் திங்கள் மாலையே அண்ணைக்குப் போன் எடுத்தேன். கோயிலில் பாதியில் எழுந்து வந்துவிட்டேன் என்று அவருக்கு மனத்தாங்கல்.

"அண்ணை, வேலையிலை ஒரு பிழை விட்டிட்டன்," என்று தொடங்கி நடந்ததைச் சொன்னேன். "நடக்கிறதை எண்ணிப்போட்டன். என்ர பிழைதான் எண்டு சொல்லிப்போட்டன்."

மறுமுனையில் கடை மணி அடித்தது. யாரோ கறிவேப்பிலை கேட்டார்கள்.

"அவன் என்ன சொன்னவன்?"

"கோபிச்சவர். பிறகு விட்டிட்டார்."

"ம்." காசுப் பெட்டி மூடும் சத்தம் கேட்டது. "சரி, கடையிலை ஆக்கள் நிக்கினம். வைக்கிறன்."

அவ்வளவுதான். அறுபதாம் கலியாணத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவிட்டதாக அண்ணையின் மனைவி, மச்சாள்தான் பிறகு சொன்னாள். ஐயரோடு இனி வாதாட ஏலாது என்று அண்ணை சொன்னாராம்.

அந்த இலையுதிர்காலத்தில் என் பிறந்த நாள் வந்தது. பத்திரத்தின்படி ஐம்பது. ஐம்பது என்பதால் வீட்டில் கொஞ்சம் பெரிதாகச் செய்ய வேண்டும் என்று என் மகள் பலூன் எல்லாம் கட்டியிருந்தாள். அண்ணை கிங்ஸ்பரிக்கு வருவது அபூர்வம். அன்று கடையைப் பூட்டிவிட்டு, கேக் பெட்டியை மடியில் வைத்தபடி ரயில் மாறி மாறி வந்திருந்தார்.

மகள் பெட்டியைத் திறந்தாள். கேக்கோடு இலக்க மெழுகுதிரி இரண்டு, தனியாகப் பையில். எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"மாமா! யூ காட் த ராங் ஒன்ஸ். அம்மா இஸ் ஃபிஃப்டி!"

அவள் கையில் ஒரு நாலும் ஒரு ஒன்பதும் இருந்தன.

"இல்லை பிள்ளை," என்றார் அண்ணை. கோட்டைக் கழற்றாமலே நின்றார். என்னைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்துத்தான் சொன்னார். "கொம்மாவுக்கு அம்பது நடக்குது. நிறைஞ்சது நாப்பத்தொன்பது. அண்டைக்கு ஏர்போட்டிலை நான்தான் பிழையாச் சொன்னனான்."

நான் அழுதேன். கேக்குக்கு முன்னால், எல்லோருக்கும் நடுவில், மூக்கும் கண்ணும் ஒழுக அழுதேன். மகள் பயந்துபோய், மகரந்தக் காலம் இன்னும் முடியவில்லையா என்று கேட்டாள். அண்ணை தன் கைலேஞ்சியை நீட்டினார். அதில் கறித்தூள் மணந்தது.

நாலையும் ஒன்பதையும் குத்தி, ஏற்றி, ஊதினேன்.

இரண்டு மெழுகுதிரியையும் கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன். ஐந்தும் பூச்சியமும் வாங்க வேண்டும். நிறைந்த பிறகு.